ஆக்சிஜன் குழாயோடு கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகலாமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு வயது 71. இளவயதில் டிபி வந்து குணமானது, அப்புறம் பல வருடம் சிகரெட். இப்போது சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய்கள் குறுகி மூச்சு வாங்கவைக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய். நாளுக்கு 16 மணி நேரம், நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன் வைக்கச் சொல்லி டாக்டர் மெஷின் கொடுத்திருக்கிறார். அது வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் வாசலைத் தாண்டுவதில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் தேவாரம் பாடுவதும் நின்றுபோனது. இதற்கிடையில் ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் அவருடைய தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் அவர்தான். கூட்டிப் போகலாமா, இல்லை வீட்டிலேயே இருக்கட்டுமா என்பது கேள்வி.

நான் டர்பனில் நுரையீரல் நோயாளிகளுக்குப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட். என் பதில்: கூட்டிப் போங்கள். கோயிலுக்கு அடுத்த வெள்ளிக்கிழமையே போகலாம். லெனேசியாவுக்கு மட்டும் டாக்டரை முன்கூட்டியே பார்க்காமல் கிளம்பாதீர்கள். அதற்குக் காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்த 16 மணி நேரக் கணக்கு. ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்துபோன சிஓபிடி நோயாளிகளுக்கு நாளுக்கு குறைந்தது 15 மணி நேரம் ஆக்சிஜன் கொடுத்தால் ஆயுள் நீளுகிறது என்பதை 1980-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வும் 1981-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வும் காட்டின. இன்றைக்கும் டாக்டர்கள் அதை வைத்துத்தான் நேரம் எழுதுகிறார்கள். இரவுத் தூக்கம் ஒன்பது மணி நேரம், மதியம் ஒரு குட்டித் தூக்கம், டிவி, பேப்பர், சாப்பாடு என்று கூட்டினாலே பெரும்பகுதி வந்துவிடும். ஆகவே வெளியே போனால் கணக்கு உதைக்குமே என்று அவர் பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் மீதி 8 மணி நேரம் ஆக்சிஜன் இல்லாமல் ஓடியாடலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டுவது விரல் மீட்டர். உட்கார்ந்திருக்கும்போது 91 காட்டும் அது, பத்துப் படி ஏறியதும் 82 காட்டலாம். சிலருக்கு நடக்கும்போதும் 90-க்குக் கீழே போகவே போகாது. உங்கள் அப்பா எந்த வகை என்று தெரியாமல் எந்தத் திட்டமும் போட முடியாது. ஆறு நிமிட நடைப் பரிசோதனை என்று ஒன்று இருக்கிறது. தட்டையான தரையில் ஆறு நிமிடம் அவர் வேகத்துக்கு நடக்கவிட்டு, விரல் மீட்டரைப் பார்ப்பார்கள். அடுத்த செக்கப்பில் இதைக் கேட்டு வாங்குங்கள். நடக்கும்போது இறங்குகிறது என்றால், வெளியே போகத் தனியாக சிறிய சிலிண்டரோ தூக்கிப் போகும் போர்ட்டபிள் மெஷினோ வேண்டும்.

மூச்சு வாங்குகிறது என்பதற்காக நீங்களாகவே 2 லிட்டரை 4 ஆக்கிவிடாதீர்கள். சிஓபிடி முற்றிய சிலருக்கு அளவுக்கு மீறிய ஆக்சிஜன் கொடுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறும். தலைவலி, மந்தம், விடாத தூக்கக் கலக்கம் என்று போய் ஆபத்தாகிவிடும். அதனால்தான் இவர்களுக்கு டாக்டர்கள் பொதுவாக 88-க்கும் 92-க்கும் நடுவில் இருந்தால் போதும் என்கிறார்கள். 98 காட்ட வேண்டும் என்று ஆசைப்பட வேண்டாம். உங்கள் அப்பாவுக்கு என்ன இலக்கு என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று, மூச்சு வாங்குவது எல்லாமே ஆக்சிஜன் குறைவு இல்லை. சிஓபிடியில் காற்று உள்ளே போய்விடும், வெளியே வருவதுதான் கஷ்டம். ஏற்கெனவே நிரம்பிய சாக்கில் மேலும் அரிசி கொட்டுவது போல, பழைய காற்று வெளியேறாமலே புதுக் காற்றுக்கு இடம் தேடுகிறார்கள். மீட்டர் 92 காட்டும், ஆள் தவிப்பார். அந்த நேரத்தில் ஆக்சிஜனைக் கூட்டுவதால் பெரிய பலன் இல்லை. உதட்டைக் குவித்து, விளக்கை அணையாமல் அசைக்கிற அளவுக்கு மெதுவாக ஊதி வெளியே விடுவதுதான் மருந்து. மூக்கால் இழுக்க எவ்வளவு நேரமோ அதைப்போல இரண்டு மடங்கு வெளியே விட.

படி ஏறுவதற்கும் இதே முறைதான். படிக்கட்டின் அடியில் நிற்க வேண்டும். நின்றபடி மூக்கால் இழுக்க வேண்டும். ஊதிக்கொண்டே இரண்டு படி ஏற வேண்டும். நின்று மறுபடி இழுக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் ஏறிவிடுவோம் என்று நினைப்பவர்கள்தான் மேலே போய்க் கைப்பிடியைப் பிடித்துத் தொங்குகிறார்கள். குனிந்து செருப்பைக் கழற்றுவதும் அப்படித்தான். குனியும்போது ஊத வேண்டும், அதற்கு முன்னால் ஒரு நாற்காலி வேண்டும். கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தில் ஒரு நாற்காலி போட்டுத் தாருங்கள் என்று கேட்டுப் பாருங்கள், யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள்.

இப்போது அவர் ஏன் வெளியே போக மறுக்கிறார் என்பதற்கு வருவோம். மூச்சு மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. மூக்கில் குழாயோடு நாலு பேர் பார்க்க நிற்பது அவருக்கு வெட்கம். "என்ன அண்ணா, இப்படி ஆயிட்டீங்க" என்று யாராவது கேட்பார்கள் என்கிற பயம். வழியில் மெஷின் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்கிற இன்னொரு பயம். இது நான் அடிக்கடி பார்ப்பது. வீட்டில் உட்கார்ந்துவிட்டால் வசதியாகத்தான் இருக்கும், ஆனால் சில மாதங்களில் தொடைச் சதை வற்றும். வற்றிய சதை அதே பத்து அடிக்கு அதிக ஆக்சிஜன் கேட்கும். மூச்சு இன்னும் வாங்கும், இன்னும் உட்காருவார். நுரையீரல் அப்படியே இருக்க, ஆள் மட்டும் சரிந்துகொண்டே போவார். இந்தச் சுழலை உடைக்கத்தான் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி இருக்கிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஆறு எட்டு வாரம், நடை, கால் பயிற்சி, மூச்சுப் பயிற்சி. சிஓபிடிக்கு ஆதாரம் மிக உறுதியாக உள்ள சிகிச்சைகளில் இது ஒன்று. கல்யாணத்துக்கு இன்னும் மாதக்கணக்கில் நேரம் இருந்தால் இன்றைக்கே பிசியோவைக் கேளுங்கள். குழு கிடைக்காவிட்டால் வீட்டிலேயே நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியிலிருந்து தொடங்கலாம்.

பாட்டைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. அவர் திரும்பப் பாடட்டும். பதிகம் பாடும்போது குட்டியாக இழுத்து நீளமாக வெளியே விடுகிறோம், சிஓபிடிக்காரருக்கு வேண்டியதும் அதுதான். பிரிட்டனில் நுரையீரல் நோயாளிகளைக் குழுவாகப் பாடவைக்கிறார்கள். சில சிறிய ஆய்வுகளில் பலனும் தெரிந்திருக்கிறது. ஆனால் பழையபடி முன்னால் நின்று முழுப் பதிகமும் தனியாக எடுக்க வேண்டாம். உட்கார்ந்து பாடட்டும். ஒரு வரி அவர், மறு வரி மற்றவர்கள். நீண்ட வரியை நடுவில் உடைத்து மூச்சு எடுத்தால் சாமி கோபிக்காது.

இங்கே ஒரு நுட்பம். போர்ட்டபிள் மெஷின்களில் பெரும்பாலானவை மூக்கால் மூச்சு இழுக்கும் நொடியில் மட்டும் ஒரு வீச்சு ஆக்சிஜன் விடுபவை. பாடுகிறவர் வாயால் சடாரென்று மூச்சு எடுப்பார், மெஷினுக்கு அது தெரியாமல் போகலாம். அதே மாதிரி அந்த மெஷினில் 2 என்ற எண் நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று அர்த்தமாகாது, அது அந்தக் கம்பெனி வைத்திருக்கும் அளவுநிலையின் எண், அவ்வளவுதான். ஆகவே வாங்குவதற்கு முன்னால் அதைப் போட்டுக்கொண்டு நடக்கவிட்டு, பாடவிட்டு மீட்டரைப் பாருங்கள். தாங்கவில்லை என்றால் விடாமல் வரும் சிலிண்டர்தான் அவருக்குச் சரி.

இனி நெருப்பு. நம் வீடுகளில் இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் அது ஊறிய சட்டை, தாடி, தலையணை, குழாய் எல்லாம் ஒரு பொறி பட்டால் குபீரென்று பிடித்துக்கொள்ளும். எந்தத் தீயிலிருந்தும் குறைந்தது 3 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். சாமி அறையில் காமாட்சி விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி எல்லாமே தீதான். மெஷினையும் சாமி அறையிலோ அதை ஒட்டியோ வைக்காதீர்கள். திருநீற்றுத் தூளும் சாம்பிராணிப் புகையும் அதன் வடிகட்டியை அடைத்துவிடும்.

கோயிலில் ஆரத்தித் தட்டு வரிசையாக வரும்போது எல்லோரும் கையை நீட்டித் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். குழாய் போட்டவர் அதைச் செய்யவே கூடாது. ஐயரிடம் முன்பே சொல்லிவையுங்கள். தட்டை அவர் பக்கம் கொண்டுவராமல் தூரத்திலிருந்து காட்டிவிட்டு, திருநீறும் குங்குமமும் மட்டும் தனியாகக் கொண்டுவந்து கொடுக்கட்டும். ஆக்சிஜனை நிறுத்திவிட்டால் உடனே கிட்டே போகலாம் என்றும் நினைக்காதீர்கள். துணியிலும் முடியிலும் ஊறியது கலைய காற்றோட்டமான இடத்தில் அரை மணி நேரமாவது வேண்டும். வீட்டில் அவர் கையால் விளக்கேற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டால் பேட்டரி விளக்கு ஒன்று வாங்கிவையுங்கள். மூக்கு எரிகிறது, உதடு வறள்கிறது என்று வாசலினோ விக்ஸோ தடவ வேண்டாம், எண்ணெய்ப் பசை ஆக்சிஜனோடு சேரக் கூடாது. தண்ணீர் சார்ந்த ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும். சிகரெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவர் விட்டிருப்பார், ஆனால் வீட்டுக்கு வரும் மருமகனும் விட வேண்டும், குறைந்தபட்சம் அந்த வீட்டு வளாகத்துக்குள்.

திருவிழாக்களில் எதற்குப் போவது என்று தேர்ந்தெடுங்கள். தைப்பூசக் காவடி டர்பனில் நடுக்கோடையில், ஜனவரி பிப்ரவரியில் வருகிறது. வெயிலும் புழுக்கமும் சிஓபிடிக்காரரை வாட்டும், அதோடு கூட்டமும் தெருவெல்லாம் கற்பூரமும். காலையில் சீக்கிரம் போய் வெளிப்பிராகாரத்தில் காற்று வரும் பக்கம் உட்கார்ந்து காவடி கிளம்புவதைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறும் முன் திரும்பிவிடலாம். தீமிதிக் குழிக்குப் பக்கத்தில் போகவே வேண்டாம். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறபோது வளவில் விறகடுப்பு இருக்கும். அவருக்குக் கூழை முன்வாசலில் கொண்டுவந்து கொடுங்கள். ஆடி என்றால் இங்கே குளிர்காலம், ஃப்ளூ காலம். ஃப்ளூ ஊசியை குளிர் தொடங்கும் முன்பே, ஏப்ரல் வாக்கில் போட்டுவிடுங்கள், நிமோனியா ஊசியையும் டாக்டரிடம் கேளுங்கள். கரும்பு வெட்டும் காலத்தில் தோட்டத்தைக் கொளுத்தும் நாட்களில் டர்பனுக்கு வடக்கே கடற்கரைப் பக்கம் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

லெனேசியாவுக்கு வருகிறேன். டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது, ஜோகன்னஸ்பர்க் பக்கம் சுமார் 1,700 மீட்டர் உயரம். அங்கேயும் காற்றில் 21 சதவீதம்தான் ஆக்சிஜன், ஆனால் காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆரோக்கியமானவர்களுக்கு அது தெரியாது. டர்பனில் 2 லிட்டரில் 91 இருக்கும் உங்கள் அப்பாவுக்கு அங்கே அது போதாமல் போகலாம். எவ்வளவு கூட்டுவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். "அங்கே இரண்டு இரவு தங்கப்போகிறோம், உயரத்துக்கு என்ன அளவு?" என்று கேட்டு, தூங்கும்போது எவ்வளவு, நடக்கும்போது எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். "இவர் போகவே கூடாது" என்று டாக்டர் சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

விமானத்தில் போனாலும் தப்ப முடியாது. பறக்கும்போது உள்ளே இருக்கும் அழுத்தம் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதற்குச் சமமாக இறங்கலாம். சொந்த சிலிண்டரை ஏற்றவிட மாட்டார்கள், அனுமதிக்கப்பட்ட போர்ட்டபிள் மெஷினும் டாக்டர் கடிதமும் வேண்டும். டிக்கெட் எடுக்கும் முன்பே விமான நிறுவனத்தைக் கேளுங்கள். சாலையில் போவதென்றால் என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறியதுமே உயரம் வந்துவிடும். ஹாரிஸ்மித்தில் நிறுத்தி மீட்டரைப் பாருங்கள். காரில் சிலிண்டரைப் படுக்கவைத்து உருளாமல் கட்டுங்கள், ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவையுங்கள், வெயிலில் பூட்டிய காரில் விட்டுப் போகாதீர்கள்.

எவ்வளவு எடுத்துப் போவது? கணக்கு எளிது. நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் மணிக்கு 120 லிட்டர். ஆறு மணி நேரத்துக்கு 720. அதற்கு மேல் பாதியாவது கூட்டி எடுங்கள், ட்ராஃபிக் இருக்கும், கல்யாணம் நேரத்துக்கு முடியாது. சிலிண்டர் கொடுப்பவரிடம் "இதில் எத்தனை லிட்டர்?" என்று கேட்டால் சொல்வார். தங்கும் வீட்டுக்கு வாடகை மெஷின் ஏற்பாடு செய்ய முடியுமா என்று உங்கள் ஆக்சிஜன் கம்பெனியையே கேளுங்கள். கரண்ட் போவதை 2022, 2023 லோட் ஷெடிங் (முறைவைத்து மின்வெட்டு) நாட்களில் எல்லோரும் அனுபவித்தோம். இப்போதும் புயல் மழைக்கு, கேபிள் திருட்டுக்குப் போகத்தான் செய்கிறது. வீட்டு மெஷின் சுமார் 300, 400 வாட் இழுக்கும். வைஃபைக்கு வைத்திருக்கும் குட்டி யுபிஎஸ் அதைத் தாங்காது. ஆகவே எங்கே தங்கினாலும் ஒரு நிறை சிலிண்டர் பக்கத்தில் இருக்கட்டும், அதைத் திறக்க வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும்.

தாய்மாமன் இல்லாமல் நம் கல்யாணம் நடக்காது, ஆனால் மணமேடையில் ஹோமம் எரிகிறதே. இதை ஐயரிடமும் உங்கள் அத்தையிடமும் கல்யாணத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். மாலை போடுவது, பட்டம் கட்டுவது, மாமன் சீர் கொடுப்பது எல்லாவற்றையும் ஹோமம் வளர்க்கும் முன்போ, பெண்ணின் அறையிலோ வைத்துக்கொள்ளலாம். அவர் மேடைக்கு ஓடிவர வேண்டாம், பெண் அவரிடம் வரட்டும். அதன்பின் மேடையிலிருந்து 3 மீட்டருக்கு அப்பால், கதவுக்குப் பக்கத்தில், சமையல் புகையும் ஸ்பீக்கரும் இல்லாத பக்கத்தில் அவருக்கு நாற்காலி. மூலையில் உட்காரவைத்துவிட்டு எல்லோரும் போட்டோ எடுக்கப் போய்விடாதீர்கள். தாம்பூலப் பையும் அட்சதைத் தட்டும் அவர் பொறுப்பில் இருக்கட்டும், வருகிறவர்கள் அவரிடம் வந்துதான் வாங்க வேண்டும். உட்கார்ந்தபடியே எல்லோரையும் பார்த்துவிடுவார், மூச்சும் மிச்சமாகும். குழாயைப் பற்றி யாராவது கேட்டால் "நுரையீரலுக்கு ஆக்சிஜன், இதோடதான் இப்போ சுத்தறேன்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போகலாம் என்று வீட்டிலேயே சொல்லிப் பழகட்டும். அது கேட்பவர்களுக்கும் சங்கடத்தைப் போக்கும். சாப்பாட்டில் வயிறு முட்ட வேண்டாம், முட்டினால் மூச்சு ஏறாது. பாதி சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை அப்புறம் சாப்பிடட்டும்.

விரல் மீட்டரைப் பற்றி இரண்டு வார்த்தை. மருதாணியோ நகப்பூச்சோ உள்ள விரலில் அதை நம்பாதீர்கள், கல்யாண வீட்டில் பெண்களுக்கு இது முக்கியம். கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். கறுத்த தோலில் அது சில சமயம் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும் என்று 2020-இல் ஓர் அமெரிக்க ஆய்வு எடுத்துச் சொன்னது. எண் நன்றாக இருக்கிறது, ஆள் நன்றாக இல்லை என்றால் ஆளை நம்புங்கள்.

பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவில் மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) திட்டங்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் சிஓபிடி இருக்கிறது. வீட்டு ஆக்சிஜனுக்கு ரத்த வாயுப் பரிசோதனை ரிப்போர்ட் கேட்பார்கள், புகைப்பதை விட்டிருக்க வேண்டும் என்பதும் வழக்கமான நிபந்தனை. போர்ட்டபிள் மெஷினுக்குப் பணம் கிடைப்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும், எழுத்தில் கேளுங்கள்.

கிளம்பும் நாளில் அவர் சட்டைப்பையில் ஒரு அட்டை வையுங்கள். பெயர், நோய், ஆக்சிஜன் அளவு, டாக்டர் சொன்ன இலக்கு, மருந்துகள், உங்கள் போன் நம்பர். உதடு நீலமானால், பேச்சு குழறினால், எழுப்ப முடியாத தூக்கம் வந்தால், உட்கார்ந்து ஊதியும் பத்து நிமிடத்தில் மூச்சு அடங்காவிட்டால், நெஞ்சு வலித்தால் கல்யாணம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆம்புலன்ஸுக்கு 10177, மொபைலிலிருந்து 112. வருகிறவர்களிடம் முதலில் அந்த அட்டையைக் கொடுத்து, இவருக்கு இந்த அளவுக்கு மேல் ஆக்சிஜன் வைக்க வேண்டாம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார் என்று சொல்லுங்கள்.